அத்தாவின் ரொட்டி மோட்டாரும் அம்மாவின் மங்குத் தட்டும்

பினாங்கில், பாலிக் பூலாவுக்கு ஏறுகிற துன் சார்டோன் சாலை. பின்னால் மனைவி, முன் கூடையில் மாமியார் வீட்டுக்கு வாங்கிய ரொட்டி பெங்காலி இரண்டு. பாதி மேடு ஏறியதும் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. த்ராட்டிலைத் திருகத் திருகச் சத்தம்தான் ஏறுகிறதே தவிர வண்டி ஏறவில்லை. பின்னால் வந்த டுரியான் லாரி ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போனது.

"இறங்கி நடக்கவா?" என்றாள்.

"வேண்டாம், வேண்டாம்" என்றேன். ஐந்து நிமிடத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

வண்டி ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள். 97 சிசி, நாலு கியர், கிளட்ச் பிடி கிடையாது. அத்தா, அதாவது என் அப்பா, 1996இல் ரொட்டி வியாபாரத்துக்கு வாங்கியது. பின் சீட்டில் ரொட்டிப் பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹார்ன். ஆயிர் ஈத்தாமில் தொடங்கி பாயா தெருபோங் அடுக்குமாடிகள் வரை தினமும் காலையும் மாலையும் சுற்றுவார். நாலு வீட்டுக்கு ஒரு முறை நிறுத்தம், மறுபடி முதல் கியர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கியர் மாற்றியிருப்பார் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதியிலேயே விட்டுவிட்டேன். முட்டி வலி வந்து அவர் வியாபாரத்தை நிறுத்தியபின் பெட்டியைக் கழற்றிவிட்டு, பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலைக்கு நான் ஓட்டுகிறேன். பெட்டியைப் பூட்டியிருந்த போல்ட் ஓட்டைகள் கேரியரில் இன்னும் இருக்கின்றன.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இறங்குவதற்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "கியர்பாக்ஸ் போச்சுண்ணே. எஞ்சினைப் பிளக்கணும்." எழுநூறு வெள்ளி (ரிங்கிட்), ஒரு வாரம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அத்தாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கியர் துள்ளுதா, எஞ்சின் கத்துதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அத்தா."

என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருசம் ரொட்டி விற்று இவனைப் படிக்க வைத்தோமே என்கிற வருத்தம் தெரிந்தது.

இரண்டும் ஒன்றில்லை. மோட்டார் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் இருக்கும். நாம் கியர் மாற்றும்போது அவற்றின் பக்கவாட்டில் இருக்கும் முரட்டுப் பற்கள்தான் நகர்ந்து பக்கத்துச் சக்கரத்தின் பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்கின்றன. அந்தப் பற்களின் முனை மழுங்கினால் சுமை ஏறும்போது பூட்டு நழுவும். 'டக்' என்று உதைக்கும், கியர் மிதியிலேயே அந்த அடி தெரியும். அதுதான் துள்ளல். அதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிளக்கத்தான் வேண்டும். என் வண்டியில் அடியும் இல்லை, உதையும் இல்லை. நழுவுவது வழவழவென்று நழுவியது. கிக் அடித்தால்கூடச் சில நேரம் கால் சும்மா இறங்கியது. அது கிளட்ச்.

கிளட்ச் பிடியே இல்லாத வண்டியில் ஏது கிளட்ச் என்று என்னோடு வேலை செய்யும் ஒருவர் கேட்டார். ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் முனையில் ஒன்று. எஞ்சின் வேகம் கூடினால் அதன் கட்டைகள் விரிந்து டிரம்மைக் கவ்வும். அதனால்தான் சிக்னலில் கியரோடு நின்றாலும் வண்டி அணைவதில்லை. கியர்பாக்ஸ் தண்டின் முனையில் இன்னொன்று, தட்டுத் தட்டாக அடுக்கியது. கியர் மிதியை அழுத்தும்போது அந்த அழுத்தமே முதலில் இந்தத் தட்டுகளைத் தளர்த்திவிட்டு, அதன்பிறகுதான் கியரை மாற்றும். நம் கால்தான் கிளட்ச் பிடி. இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"மொதல்ல ஸ்க்ரூவைப் பாரு" என்றார் அத்தா. வலது பக்க மூடியில் கிளட்ச் அட்ஜஸ்ட் செய்கிற ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு பூட்டு நட். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் ஒரு சுற்று. பிறகு மெதுவாக இடப்பக்கம், கைக்கு லேசாகத் தடை தட்டும் வரை. அங்கிருந்து மறுபடி வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு. ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, செலவு கிடையாது. நழுவலுக்குப் பாதி நேரம் மருந்து இதுவேதான் என்பது அத்தாவின் கணக்கு. நம் வண்டி மீதிப் பாதியில் இருந்தது. ஆயிர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறுகிற மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, ஆனால் கத்தல் போகவில்லை.

அடுத்த ஞாயிறு, பிளாட் கீழே மோட்டார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துவிட்டோம். நான் தரையில், அத்தா பிளாஸ்டிக் நாற்காலியில். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, 17ஆம் நம்பர் ஸ்பானரால் அடிப் போல்ட்டைத் திறக்கப்போனேன். "இரு" என்று மாடிக்குப் போனவர் அம்மாவின் வெள்ளை மங்குத் தட்டோடு வந்தார். (அந்தத் தட்டு பற்றி வீட்டில் இன்றுவரை பேச்சு ஓயவில்லை.)

எண்ணெய் கொஞ்சத்தை அதில் பிடித்து, வெயில் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய படலமாக விளிம்புக்கு ஓடும்போதுதான் அதில் என்ன மிதக்கிறது என்று தெரியும். வெள்ளித் துகள் மினுங்கினால் கியரோ பேரிங்கோ தேய்கிறது. மஞ்சளாக மினுங்கினால் புஷ். மைபோலக் கருப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் கிளட்ச் தட்டின் பொடியும் எரிந்த கரியும். விரல் நுனியில் தொட்டுத் தேய்த்தார். நறநறப்பு இல்லை, மினுக்கமும் இல்லை. சுத்தக் கருப்பு. எழுநூறு வெள்ளி அந்தத் தட்டிலேயே மிச்சமாகிவிட்டது.

பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். "என்ன எண்ணெய் ஊத்தின?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காருக்கு வாங்கிய எண்ணெயில் ஒரு லிட்டர் மிச்சமிருந்தது. நல்ல எண்ணெய், மோட்டார் எண்ணெயைவிட விலை அதிகம். வீணாக்குவானேன் என்று போன முறை அதை ஊற்றிவிட்டேன். காரில் கிளட்ச் எண்ணெயில் நனையாமல் தனியாக இருப்பதால், பெட்ரோல் மிச்சமாக உராய்வைக் குறைக்கும் மருந்தை எண்ணெயில் கலந்து விற்கிறார்கள். நம் மோட்டாரில் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய். உராய்வால் பிழைக்கிற தட்டுகளை உராய்வைக் குறைக்கிற எண்ணெயில் ஊறப்போட்டால் என்ன ஆகும்? மோட்டார் எண்ணெய்ப் போத்தலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். ஜப்பான்காரர்கள் 1998இல் கொண்டுவந்த தரம். நனைந்த கிளட்சுக்கு எம்ஏ, உலர்ந்த கிளட்ச் உள்ள ஸ்கூட்டருக்கு எம்பி. இத்தனை வருசம் அந்தக் கட்டத்தைப் பார்க்காமலே எண்ணெய் வாங்கியிருக்கிறேன். ரொட்டிக்காரருக்குத் தெரிந்தது டெக்னீஷியனான எனக்குத் தெரியவில்லை.

சரி, மூடியைக் கழற்றுவோம் என்று முடிவானது. புகைக்குழல், கால் மிதி, கிக் கை எல்லாம் கழன்றன. மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. மைலோ பெட்டி அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு, போல்ட்டுகளை அப்படியே குத்தி வைத்தேன். மூடி வர மறுத்தது. ஸ்க்ரூட்ரைவரை இடுக்கில் விட்டு நெம்பக்கூடாது; அந்தக் கீறல் வழியாக ஆயுளுக்கும் எண்ணெய் கசியும். ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் வரும். வந்தது.

முதலில் தெரிந்தது கிராங்க் முனைக் கிளட்ச். அதன் முகப்பில் ஒரு சின்ன மூடி. திறந்தால் உள்ளேதான் எண்ணெய் வடிகட்டி. பேப்பர் வடிகட்டி இல்லை, வெறும் சுழற்சி. தயிர் கடைவதுபோல் சுற்றுகிற வேகத்தில் கனமான அழுக்கு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், நல்ல எண்ணெய் நடுவழியாகப் போகும். ஒட்டிய அழுக்கை யாராவது வந்து எடுக்க வேண்டும். இந்த வண்டியில் எத்தனை வருசமாக யாரும் வரவில்லையோ, கையில் வந்தது அசல் டோடோல், அல்வா மாதிரியான அந்த மலாய் இனிப்பேதான். கறுப்பாக, பளபளவென்று, விரலோடு இழுபட்டது. மரக்குச்சியால் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவினேன். அந்தச் சின்ன மூடியின் ஸ்க்ரூக்களைப் பற்றி ஒரு வார்த்தை: அவை ஜப்பான் அளவு. கடையில் கிடைக்கிற சாதாரண நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர் அதில் சரியாக உட்காராமல் தலையைத் தின்றுவிடும். ஒன்றை நான் அப்படித்தான் கெடுத்தேன்.

அடுத்தது தட்டுக் கிளட்ச். ஸ்பிரிங்குகளைக் கழற்றியதும் நடுவில் ஒரு வட்ட நட், சுற்றி நாலு பள்ளம். எந்த சாக்கெட்டும் பொருந்தாது, நாலு பல் வைத்த தனிச் சாக்கெட் வேண்டும். அத்தா அதை எப்போதோ லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவில் பொறுக்கியிருக்கிறார். நட்டைத் திருகினால் தண்டும் சேர்ந்து சுற்றும். அதற்கு வழி, நாலாவது கியரில் போட்டுவிட்டுப் பின் பிரேக்கை அழுத்திக்கொள்வது.

"நீங்க ஏறி உட்காருங்க அத்தா."

பல மாதத்துக்குப் பிறகு தன் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார். வலது கால் பிரேக்கில். நான் குனிந்து சாக்கெட்டைப் பொருத்தும்போது எஞ்சினுக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. கியர்த் தண்டின் முனையில் இருக்கும் சின்னக் கை, மூடி போட்டிருந்தால் கிளட்சைத் தூக்கிவிடுகிற அந்தக் கை, ஒரு நூல் அளவுக்கு மேலே போய் அங்கேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தாவின் இடது கால், அவருக்கே தெரியாமல், கியர் மிதியின்மேல் போய் உட்கார்ந்திருந்தது.

"காலை எடுங்க அத்தா." கை கீழே வந்தது. "வைங்க." மேலே போனது.

அவரும் குனிந்து பார்த்தார். "நீயும் அப்படித்தாண்டா வைப்ப" என்றார்.

உண்மை. முன் கூடையில் உட்கார்ந்து அவரோடு ரொட்டி விற்கப் போன நாளிலிருந்து பார்த்துப் பழகிய கால். மிதியில் கால் ஓய்வெடுக்கும்போதெல்லாம் கிளட்ச் அரைகுறையாகத் தூங்கி எழுந்துகொண்டிருந்திருக்கிறது.

வெளியே வந்த உராய்வுத் தட்டுகள் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தன. இரும்புத் தட்டுகளில் இரண்டு சூட்டில் நீலம் பாரித்திருந்தன. கண்ணாடி மேசையில் வைத்தால் ஒன்று ஆடியது. சரி, செட்டாக மாற்றுவதுதான் என்று ஆயிர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள சாமான் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே தட்டுகளையும் ஸ்பிரிங்கையும் மூடி கேஸ்கெட்டையும் எடுத்து வைத்துவிட்டு, "கிக் சீல் மாவ் தா?" என்றார், கிக் தண்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம் வேண்டுமா என்று. பழைய சீல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். "பெத்துல் தா மாவ்?", நிஜமாகவே வேண்டாமா என்று இன்னொரு முறை கேட்டார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

புதுத் தட்டுகளைப் புது எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தோம். "உளுந்து மாதிரி" என்றார் அத்தா. காய்ந்த தட்டை அப்படியே மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். மறுநாள் மாலை ஷிப்ட் முடிந்து வந்து மாட்டினேன். அவுட்சைட் என்று அச்சடித்த வாஷரின் எழுத்து வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் சுரண்டத்தான் ஒரு மணி நேரம் ஆனது, மற்றதெல்லாம் சுலபம். எம்ஏ எண்ணெய் 0.7 லிட்டர். ஸ்க்ரூவை மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.

அணைக்கட்டு மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியது. கத்தவில்லை. கியர் மிதியில் இருந்த 'கடக்' சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது. இடது காலைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் மிதியில் வைத்தால் அது தானாக முன்னால் நகர்கிறது.

காலையில் கீழே இறங்கினால் மோட்டாருக்கு அடியில், கிக் தண்டுக்கு நேர் கீழே, ஐம்பது காசு அளவுக்கு எண்ணெய். அத்தா பார்ப்பதற்குள் மைலோ அட்டையை அதன்மேல் போட்டு மறைத்தேன்.

மாலையில் கடைக்குள் நுழைந்தபோது தவுக்கே போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. பின்பக்கம் கையை நீட்டி ஒரு சீலை எடுத்து என் முன்னால் வைத்து, மூன்று விரலைக் காட்டினார்.