இந்த இடம் விற்பனைக்கு அல்ல

காலி மனையில் குந்தி உட்கார்ந்து எருக்கஞ்செடியைப் படம் எடுக்கிறவனை எங்கள் ஊர் லேசில் நம்பாது. கோவை வடவள்ளிப் பக்கம், 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்று பலகை நட்ட மனை அது. மொபைலில் மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்காக மூச்சடக்கி உட்கார்ந்திருந்தேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள். முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். எருக்கம்பாலையே குடித்து வளர்கிற உடம்பு என்பதால் பறவைகள் பெரும்பாலும் சீண்டாது. அந்தத் தைரியத்தில் ஒளிவு மறைவே இல்லாமல் இலை மேல் கிடக்கும். காற்றுதான் ஆட்டி ஆட்டி உயிரை எடுக்கும்.

"ஏனுங்க, அளக்க வந்தீங்களா?"

வண்டியை ஆஃப் செய்யாமலே ஒரு பெரியவர். புழுவைப் படம் எடுக்கிறேன் என்றேன்.

"சரிங்க, யாரு அனுப்புனாங்க?"

திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். வண்டியை ஆஃப் செய்தார்.

"இதென்னங்க பிரமாதம். எங்கூட்டு நந்தியாவட்டைல ஒண்ணு கிடக்குது, வந்து பாருங்க."

போனேன். செடியில் பாதி மொட்டை. தரையில் மிளகு கொட்டின மாதிரி எச்சம். அதற்கு நேர் மேலே தேடினால் புழு கிடைக்கும். புழு தேடுகிறவர்கள் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். இருந்தது: விரல் நீளத்தில் பச்சையாக, வாலில் ஒரு கொம்போடு, அரளி அந்துப்பூச்சியின் புழு. குச்சியால் லேசாகத் தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகில் இருக்கும் இரண்டு நீலக் 'கண்'ணால் முறைத்தது. பெரியவர் இரண்டடி பின்வாங்கினார். அவை கண்ணே இல்லை, வெறும் பொட்டு என்று சொல்லியும் கிட்டே வரவில்லை.

அதற்குள் அம்மணி வேப்பெண்ணெய் பம்ப்போடு வந்துவிட்டார்.

"போட்டோ புடிச்சாச்சுங்களா? நான் அடிக்கோணும்."

இன்னும் கொஞ்ச நாளில் பழுப்பாகி, தானே மண்ணுக்கு இறங்கிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுவரைக்கும் சாமிக்குப் பூவு நீங்க கொண்டாந்து தருவீங்களா?"

பதில் இல்லை. கடைசியில் ஒரு முறுக்கு டப்பா வந்தது. மூடியில் ஓட்டை போட்டு, தழையோடு புழுவை உள்ளே விட்டு, வண்டியை எடுத்தேன். தெரு முனை வரை அம்மணியின் குரல் கேட்டது:

"தம்பீ, புழுவு போனாப் போகுது, டப்பாவக் கொண்டாந்து குடுத்துருங்க!"