அறுக்கிறவன் முகம்

திருநங்கைகள் மீதான வன்முறையைப் பற்றிச் சென்னையில் எடுத்த ஒரு குறும்படத்தில் இணை இயக்குநராக வேலை செய்தேன். முக்கிய வேடத்தில் ஒரு திருநங்கைதான் நடிக்க வேண்டும் என்பதில் இயக்குநர் உறுதியாக இருந்தார். மேடை நாடக அனுபவம் உள்ள ஒருவர் கிடைத்தார். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா.

திரைக்கதையில் ஒரு காட்சி: இரவு, பஸ் ஸ்டாண்டு, மூன்று பேர் சேர்ந்து அவரை அடிக்கிறார்கள். ஃபைட் மாஸ்டரிடம்கூடப் பேசி வைத்திருந்தோம். ஸ்கிரிப்ட் ரீடிங்கில் அந்தப் பக்கம் வந்ததும் அக்கா நிறுத்தினார்.

"அடிச்ச காயம் ஆறிடும் தம்பி. அது அவனுங்களுக்கும் தெரியும். அதனால முடியத்தான் புடிப்பானுங்க. பிளேடு, கத்தரிக்கோல், கையில எது இருக்கோ அதால அறுப்பானுங்க. இது இவ்வளவு வளர எத்தன வருசம் ஆச்சு தெரியுமா?"

அறையில் யாரும் பேசவில்லை. வீட்டில் இருந்தவரை முடி வளர்க்க விடாமல் மொட்டையடித்ததையும், வீட்டை விட்டு வந்த பிறகுதான் முதன்முதலாகப் பின்னல் போட்டதையும் அவர் சொன்னார். பணம் பறிக்க வருகிறவன் முடியைத் தொட மாட்டான். "நீ ஆம்பளதான்டா" என்று நிரூபிக்க வருகிறவன்தான் அறுப்பான். இந்த வேறுபாடு எங்கள் திரைக்கதையில் இல்லவே இல்லை. பஸ் ஸ்டாண்டு காட்சியை அன்றே கிழித்துவிட்டு அவரோடு உட்கார்ந்து புதிதாக எழுதினோம்.

காவல் நிலையக் காட்சியும் அப்படித்தான் மாறியது. எங்கள் இன்ஸ்பெக்டர் கத்துவதாக எழுதியிருந்தோம். "கத்த மாட்டாங்க. 'உன் நிஜப் பேரு என்ன?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. அதுக்கப்புறம் எவ புகார் குடுப்பா?" என்றார் அக்கா. 2006இல் சென்னையில் போலீஸாரின் கொடுமை தாங்காமல் ஒரு திருநங்கை தீக்குளித்து இறந்திருக்கிறார். குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 2007இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் நிறைவேறிய திருநர் சட்டம், அவர்கள் மீதான பாலியல் கொடுமைக்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான் சிறை என்று எழுதியது. இதையெல்லாம் படித்த பிறகு, அந்தச் சிரிப்பு ஏன் அவ்வளவு தைரியமாக வருகிறது என்பது எனக்குப் புரிந்தது.

தமிழ் சினிமா இவர்களை நெடுங்காலம் கேலிக்குத்தான் வைத்திருந்தது. 2015இல் 'ஐ' வெளியானபோது சென்னையில் திருநங்கைகள் திரண்டு போராடினார்கள். இன்னொரு பக்கம் மாற்றமும் வந்துகொண்டிருந்தது. 'நர்த்தகி'யில் கல்கி சுப்ரமணியம், 'தர்மதுரை'யில் ஜீவா, 'பேரன்பு'வில் அஞ்சலி அமீர் நடித்தார்கள். சிலி நாட்டின் 'எ ஃபென்டாஸ்டிக் வுமன்' படத்துக்கு டேனியலா வேகாவை முதலில் ஆலோசகராகத்தான் அழைத்தார்கள், பிறகு அவரே நாயகியானார். அந்த வரிசைதான் சரி என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எழுத்து முடிந்த பிறகு நடிக்க மட்டும் கூப்பிட்டால், நம் கற்பனைக்கு அவர்கள் உடம்பைக் கொடுக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

படப்பிடிப்பில் விக் வைத்து எடுத்தோம். யார் எங்கே தொடுவார்கள், எந்தச் சொல்லைச் சொன்னால் உடனே கையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒத்திகையிலேயே முடிவானது. அக்காவின் தோழி ஒருவர் மானிட்டர் பக்கத்திலேயே இருந்தார். அடிக்கிறவர்களாக நடித்த பையன்களுக்குத்தான் கை நடுங்கியது. "பயப்படாம புடிங்கப்பா" என்று அவரே தைரியம் சொன்னார்.

க்ளோஸ்-அப் யாருக்கு வைப்பது என்பதில்தான் பெரிய விவாதம். அழும் முகம் வேண்டும் என்றார் இயக்குநர்.

"நாங்க அழறதத்தான் எல்லாப் படத்துலயும் பாத்துட்டாங்களே சார். அறுக்கிறவன் மூஞ்சியக் காட்டுங்க. நின்னு போன்ல படம் புடிக்கிறவன் மூஞ்சியக் காட்டுங்க."

அப்படியே எடுத்தோம். படத்தின் டைட்டிலில் அவர் பெயர் நடிப்பில் ஒரு முறை, திரைக்கதையில் ஒரு முறை வருகிறது. இரண்டாவதற்குத் தனிச் சம்பளம் தரத் தயாரிப்பு நிர்வாகி கடைசிவரை ஒப்பவில்லை. தன் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநர் சொன்ன பிறகே காசோலை வந்தது.