மூன்றாவது வாரம்தான் ஏமாற்றும்

இதய வால்வு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் வலி இருக்கும், பயம் இருக்கும், அதனாலேயே கவனமும் இருக்கும். மூன்றாவது வாரம் அப்படியில்லை. தையல் காய்ந்துவிடும், பசி திரும்பும், முகத்தில் களை வந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் "இப்ப நல்லா இருக்கீங்களே" என்பார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் பலர் அன்றைக்கு ஒரு குடம் தண்ணீரைத் தூக்குகிறார்கள், பேரக்குழந்தையை இடுப்பில் வைக்கிறார்கள், பைக்கை ஸ்டாண்ட் போடுகிறார்கள்.

இன்னொரு தொந்தரவு ஒப்பிடுவது. "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஹார்ட் ஆபரேஷன், பத்தே நாள்ல வேலைக்கு வந்துட்டார்" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்த கதையாக இருக்கும். ஸ்டென்ட் என்பது கையிலோ தொடையிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டுச் செய்வது. வால்வை மாற்ற, பெரும்பாலானவர்களுக்கு நெஞ்செலும்பை நெடுக அறுக்கிறார்கள், இதயத்தை நிறுத்தி ரத்த ஓட்டத்தை மெஷினில் ஓட்டுகிறார்கள், இதயத்தையோ அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயையோ திறந்து உள்ளே தைக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

உடம்பின் ஒவ்வொரு பாகமும் தன் போக்கில்தான் ஆறுகிறது. மேல்தோல் இரண்டு வாரத்தில் மூடிவிடும். குறைந்துபோன ஹீமோகுளோபின் ஏறி வர ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். மாடிப்படி ஏறினால் கால் கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நெஞ்செலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம், பழைய உறுதி வர சுமார் 12 வாரம். பல வருஷமாக வால்வு கெட்டதால் வீங்கியிருந்த இதயம் சுருங்கி நிதானத்துக்கு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். கண்ணுக்குத் தெரிவது தோல் மட்டும் என்பதால், அது ஆறியதும் எல்லாமே ஆறிவிட்டது போலத் தோன்றுகிறது.

எலும்பை எடுத்துக்கொள்வோம். அறுத்த இரு பாதியையும் ஆறு முதல் எட்டு ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். கம்பி அறுவதைவிட, அது எலும்பையே அறுத்துக்கொண்டு இறங்குவதுதான் அதிகம் நடக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், எலும்பு மெலிந்த வயதானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். முதல் ஆறு வாரம் 2 முதல் 3 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள், 12 வாரம் வரை 5 கிலோவைத் தாண்டாதீர்கள் என்பது பொதுவான அளவு. வீட்டுக் கணக்கில் சொன்னால், நிறைந்த பிளாஸ்டிக் குடம் 12 கிலோவுக்குக் குறையாது. ஒரு வயதுக் குழந்தை ஒன்பது கிலோ. முழு சமையல் சிலிண்டர் சுமார் 30 கிலோ. சாதம் வெந்த ஐந்து லிட்டர் குக்கரே அளவைத் தாண்டிவிடும். எதை எடுத்தாலும் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும், பொருளை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். கையை நீட்டி எடுத்தால் ஒரு கிலோகூட எலும்பை இழுக்கும். பஸ் கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறுவது, ஷட்டரை இழுப்பது, கிணற்றில் நீர் இறைப்பது மூன்று மாதத்துக்கு வேண்டாம். டூவீலரும் அப்படித்தான், ஓட்டுவது மட்டுமல்ல, குண்டும் குழியுமான சாலையில் பின்னால் உட்கார்ந்து போவதும்.

தினமும் பத்து முறையாவது செய்யும் ஒரு வேலையில் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: படுக்கையிலிருந்து எழுவது. மல்லாந்தபடியே யாருடைய கையையாவது பிடித்து இழுத்துக்கொண்டு எழுவார்கள். அப்போது மேலுடம்பின் கனம் நெஞ்செலும்பை இழுக்கும். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக ஒரு பக்கம் புரளட்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். அந்தக் கனமே மேலுடம்பைத் தூக்க ஆரம்பிக்கும். கீழே இருக்கும் முழங்கையால் லேசாக ஊன்றினால் போதும். எழுந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றாவிட்டால் நில்லுங்கள். உதவுகிறவர் கையைப் பிடித்து இழுக்காமல் முதுகுக்குப் பின்னால் கை கொடுக்க வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுப்பதும், குத்துக்கால் வைக்கும் கழிப்பறையும் மூன்று மாதத்துக்குத் தவிர்க்க வேண்டியவை. வெஸ்டர்ன் கழிப்பறை இல்லாத வீட்டில் நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டிய பொருள் அது.

இருமும்போதோ திரும்பும்போதோ நெஞ்சில் "கடக்" என்று சத்தம் கேட்டாலும், எலும்பு நகர்வது கைக்குத் தெரிந்தாலும், தையல் ஓரம் சிவந்து நீர் கசிந்தாலும் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே போய்க் காட்டுங்கள்.

இருமலைப் பயந்து அடக்குவது இன்னொரு தவறு. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மடித்த துண்டையோ சின்னத் தலையணையையோ நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமுங்கள். மூன்று பந்து இருக்கும் ஸ்பைரோமீட்டரைப் பலர் பலூன் போல ஊதுகிறார்கள். அது உறிஞ்சுவதற்கானது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சி, பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று விநாடி பிடிக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. மூன்று பந்தையும் ஒரே வெட்டில் தூக்குவதைவிட ஒரு பந்தை நிதானமாக நிறுத்துவது மேல்.

நடையை ஐந்து நிமிஷத்தில் தொடங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை, வீட்டுக்குள்ளேயே. ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு நிமிஷம் கூட்டினால் ஆறாவது வாரம் ஒரே நடையில் அரைமணி வரை வந்துவிடலாம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். நேற்று இருபது நிமிஷம் நடந்தவருக்கு இன்று பத்துகூட முடியாமல் போகும். அது பின்னடைவு அல்ல, இந்த ஆபரேஷனின் இயல்பு. அன்றைக்குப் பத்தோடு நிறுத்துங்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ, அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும், அதனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

படபடப்பைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் குறையும். வால்வு ஆபரேஷன் செய்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்காவது நாளுக்குள், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அநேகமாக ஒன்றரை மாதத்துக்குள் அடங்கிவிடும். வீட்டில் திடீரென்று துடிப்பு மாறினால் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். இன்னொன்று, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இதயத்தைச் சுற்றி மெல்ல நீரோ ரத்தமோ சேரலாம். தளர்ச்சி, மூச்சிரைப்பு, மேல்வயிறு அடைப்பு, சாப்பிடப் பிடிக்காமை இவையே அறிகுறிகள். வீட்டில் இதை "கேஸ்" என்று சொல்லி ஓம வாட்டர் கொடுப்பார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பொறுமையின் பெரிய பங்கு ஐ.என்.ஆர். பரிசோதனையில்தான் இருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண் அது, ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் உறையும். நம் பக்கம் பலருக்கு வைக்கப்படும் சித்ரா வால்வு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவானது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எந்த உலோக வால்வானாலும், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ ஆயுசுக்கும் வேண்டும். மாடு, பன்றியின் திசுவால் செய்த திசு வால்வு என்றால் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே) உலோக வால்வு இருந்தால் ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5 வரை, அயோர்ட்டிக் இடத்தில் (இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய் கிளம்பும் வாசலில்) இருந்தால் பெரும்பாலும் 2 முதல் 3 வரை. உங்களுக்கு டாக்டர் எழுதித் தந்த எண்தான் உங்கள் எண்.

டோஸ் மாற்றினால் அதன் பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். நேற்று கூட்டி, இன்று டெஸ்ட் எடுத்து, "ஏறவே இல்லை" என்று மறுபடி கூட்டினால் நான்காம் நாள் ஐ.என்.ஆர். ஐந்தைத் தாண்டி நிற்கலாம். மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் போடுங்கள். மறந்து அன்றிரவே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் ஞாபகம் வந்தால் விட்டுவிட்டுக் குறித்து வையுங்கள். இரட்டிப்பாக ஒருபோதும் போடாதீர்கள். டைரியில் "ஒரு மாத்திரை" என்று எழுதாமல் "2 மி.கி." என்று எழுதுங்கள். ஒரே பெயரில் 1, 2, 3, 4 மி.கி. எல்லாம் விற்கிறார்கள், மருந்துக்கடையில் வேறு அளவு கொடுத்துவிட்டால் மி.கி. கணக்குதான் காப்பாற்றும்.

ரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாயைக் கவனியுங்கள். உள்ளே கொஞ்சம் சிட்ரேட் திரவம் ஏற்கெனவே இருக்கும். 0.3 மி.லி. திரவத்துக்கு 2.7 மி.லி. ரத்தம், அதாவது ஒன்றுக்கு ஒன்பது. குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். ரத்தம் அந்தக் கோடு வரை வர வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் பாதிக் குழாயோடு விட்டால் ஐ.என்.ஆர். உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பி மாத்திரையைக் குறைப்பார்கள், வால்வில் ரத்தம் உறையும். கோட்டுக்குக் கீழே நின்றால் "இன்னொரு குழாய்ல எடுங்கம்மா" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்தச் சொல்கிற அறிவுரை எனக்கு உடன்பாடில்லை. வாரம் இரண்டு நாள் ஒரு கப் கீரை என்றால் எல்லா வாரமும் அதே இரண்டு நாள், அதே ஒரு கப். மாத்திரையின் அளவு அதற்கேற்ப நிலைத்துவிடும். மூன்று மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஊருக்குப் போய் நான்கு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுவதுதான் ஐ.என்.ஆர்.-ஐ இறக்கும். விரதம், வயிற்றுப்போக்கு, சாப்பிடாமல் கிடக்கும் காய்ச்சல் அதை ஏற்றும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோல், ஆன்டிபயாடிக்கான கோட்ரைமாக்சசோல் மூன்றும் கடுமையாக ஏற்றும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளால் வயிற்றில் ரத்தம் கசியலாம். என்ன சேர்ந்திருக்கிறதென்று தெரியாத கஷாயமும் லேகியமும் வேண்டாம். "ரத்த டெஸ்ட்டே தேவையில்லாத புது மாத்திரை இருக்காமே" என்று கேட்பவர்களுக்கு: உலோக வால்வுக்கு அது ஆகாது. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்த உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் 2012-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

உலோக வால்வின் "டிக் டிக்" முதல் மாதங்களில் தூக்கத்தைக் கெடுக்கும். ஃபேன் சத்தத்தில் மறைந்துவிடும், பக்கத்தில் படுப்பவருக்கும் பழகிவிடும். தெளிவாகக் கேட்ட அந்தச் சத்தம் மங்கினால், கூடவே மூச்சிரைத்தால், வால்வில் உறைவு இருக்கலாம். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை சோர்வது, பேச்சுக் குழறுவது எதுவானாலும் உடனே 108. தலையில் அடிபட்டால், தெம்பாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் சி.டி. தேவையா என்று கேளுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். வால்வு வைத்தவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், ஆன்டிபயாடிக் விழுங்குவதற்கு முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுக்க வேண்டும். தெருமுனைக் கிளினிக்கில் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டால் வால்வில் உட்கார்ந்திருக்கும் கிருமி சாகாது, ஆனால் கல்ச்சரில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். பல் பிடுங்கவும், ஈறு சுத்தம் செய்யவும் போகும்போது வால்வைப் பற்றிச் சொல்லுங்கள். அலர்ஜி இல்லாதவர்களுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் கொடுப்பது வழக்கம். பல்லுக்காக அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாதக் காய்ச்சலால் (பெரும்பாலும் சின்ன வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வருவது) வால்வு கெட்டவர்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, வால்வு மாற்றிய பிறகும் தொடர வேண்டும். புது வால்வை அந்தக் காய்ச்சல் தாக்காது, மற்ற வால்வுகளைத் தாக்கும். இடுப்பு ஊசி என்பதால் ஐ.என்.ஆர். பார்த்துவிட்டுப் போட வேண்டும், போட்ட இடத்தைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மாத்திரையாக மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மற்றபடி சளி, உடம்புவலிக்கெல்லாம் இடுப்பு ஊசி வேண்டாம்.

நம் ஊரில் மைட்ரல் வால்வு மாற்றுகிறவர்களில் இளம்பெண்கள் நிறைய. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் பேசுங்கள். கருவின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம். பயந்து தானாக நிறுத்தினால் தாயின் வால்வில் ரத்தம் உறையும். நாள் தள்ளிப்போன அன்றே டெஸ்ட் பார்த்து, அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டில் ஆபரேஷனை மறைத்து வைத்திருந்தால் இதெல்லாம் நடக்காது.

காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், கெட்ட கனவு, படித்தது மனதில் நிற்காமை எல்லாம் முதல் இரண்டு மாதம் சகஜம். வீட்டில் இருப்பவர்கள் "உயிர் பிழைச்சதே பெருசு, எதுக்கு அழறீங்க" என்று சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி. இரண்டு மாதம் தாண்டியும் சாப்பாடும் தூக்கமும் சரியாகாவிட்டால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று வால்வு கார்டு கேட்டு வாங்குங்கள். அதில் வால்வின் பெயர், அளவு, வரிசை எண், எந்த இடத்தில் வைத்தது, தேதி இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அந்தக் கார்டைத்தான் கேட்பார்கள். ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து பர்ஸில் ஒன்று, மொபைலில் படமாக ஒன்று. பின்பக்கம் பேனாவால் மூன்று வரி எழுதுங்கள்: சாப்பிடும் மாத்திரையின் பெயர், இருக்க வேண்டிய ஐ.என்.ஆர்., வீட்டு ஆள் ஒருவருடைய போன் நம்பர்.