ட்ரெயில் ரிட்ஜில் ஒரு மஞ்சள் பூவுக்குப் பெயர் தேடியபோது

கொலராடோவில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் ட்ரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. ஏறக்குறைய 3,500 மீட்டரைத் தாண்டினால் மரமே கிடையாது. பாறை, குட்டைப் புல், ஓயாத காற்று. ஜூலையில் அந்தத் தரையெல்லாம் பூ. நான் பெயர் தெரிந்துகொள்ள விரும்பியது, ஒரு சாண்கூட வளராத செடியில் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்த மஞ்சள் பூ. பெரும்பாலானவை கிழக்கு நோக்கியே நின்றன.

சூரியகாந்திக் குடும்பம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நடுத்தட்டில் நெருக்கமாகக் குழல் பூக்கள், விளிம்பில் இதழ்போல நீண்ட கதிர்ப்பூக்கள். சிரமம் அதற்கு அப்புறம்தான். இந்தக் குடும்பத்து மஞ்சள் பூக்களை மேலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம். கைபேசிச் செயலி முதலில் ஆர்னிகா என்றது. கோணத்தை மாற்றி எடுத்த படத்துக்கு செனீசியோ என்றது.

குனிந்து இலையைப் பார்த்தேன். ஆர்னிகாவின் தண்டில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். இதில் மாறி மாறி வந்திருந்தன. ஆக, ஆர்னிகா இல்லை. செனீசியோ என்றால் பூத்தலையின் அடியில் பச்சைச் செதில்கள் ஒரே நீளத்தில், ஒற்றை வரிசையாக, வேலி அடைத்ததுபோல் நிற்க வேண்டும். இங்கே செதிலே தெரியாத அளவுக்கு வெள்ளை ரோமம். லென்ஸில் பார்த்தால் வரிசை ஒன்றுக்கு மேல். கதிர்ப்பூக்களின் நுனி வேறு மூன்றாக வெட்டுப்பட்டிருந்தது. ஆக, செனீசியோவும் இல்லை.

மிச்சம், இதே குடும்பத்தின் இன்னொரு மஞ்சள் பூச்செடியான டெட்ராநியூரிஸ். அதே பாறை நிலம், அதே மஞ்சள், அதே வெட்டுப்பட்ட நுனி. ஆனால் அதன் இலைகள் பிளவுபடாமல் தரையோடு கொத்தாக இருக்கும். இதற்குத் தண்டிலும் இலை உண்டு, இலைகள் மெல்லிய கீற்றுகளாகப் பிரிந்திருந்தன. ஹைமெனாக்சிஸ் கிராண்டிஃப்ளோராவேதான்! ராக்கி மலைகளின் சொந்தச் செடி. அங்கே 'ஓல்ட் மேன் ஆஃப் த மவுண்டன்' (மலைக் கிழவர்) என்கிறார்கள்.

பெயர் கிடைத்த பிறகு படித்ததுதான் மனதை உலுக்கியது. பல ஆண்டுகள் வெறும் இலையோடு இருந்து உணவைச் சேமித்து, ஒரே ஒரு கோடையில் பூத்து, விதைவிட்டு மடிந்துவிடுமாம். அந்தப் பூங்காவில் பூப்பறிக்கத் தடை இருப்பது எவ்வளவு நியாயம்! பூத்தலையின் அடிப்பக்கம், கதிரின் நுனி, தண்டிலை, அடியிலை எல்லாவற்றையும் தனித்தனியே படம் பிடித்தால் பறிக்காமலே பெயர் சொல்லிவிடலாம். புல்தரையை மிதிக்கவும் வேண்டாம், பாதையோரத்திலேயே செடிகள் இருக்கின்றன.