அடுத்த சீசனுக்கு முன்னாடி

நம்ம காலேஜ் ஃபுட்பால் டீம் இந்த வருஷமும் போட்டியில இருந்து சீக்கிரமே வெளிய வந்தாச்சு. கோல்கீப்பரத் திட்டுறத விடுங்க மக்கா, கோளாறு வேற இடத்துல.

பாதிப் பேரு தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கடப்புறத்து மணல்ல வளந்த பயலுவ. மணல்ல பந்து உருளாது, அதனால ஓங்கி அடிச்சே பழகின காலு. கட்டாந்தரையில அதே பலத்துல பாஸ் போட்டா பந்து கோட்டத் தாண்டிப் போவுது. வர்ற பந்த நிறுத்துனாலும் ரெண்டு மீட்டர் தெறிக்கு. ஜூன் மழைக்கு முன்னாடியே வாரம் மூணு நாள் கட்டாந்தரையில, 10 மீட்டர் இடைவெளியில, ரெண்டே டச்சுல (ஒண்ணு நிறுத்த, ஒண்ணு அடிக்க) பாஸ் பழகணும். ஸ்டாமினாவுக்கு மணல் போதும், அத விட வேண்டாம்.

பந்துல காத்தோட அழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை விதியில உண்டு. நம்ம தரைக்கு 9, 10 தாராளம். கேஜ் வச்சுப் பாருங்க, கட்டைவிரல் கணக்கு வேண்டாம்.

கார்னர்னா எல்லாரும் பந்தையே பாக்காங்க, தள்ளி இருக்க ரெண்டாவது கோல்போஸ்ட்ல ஆளே இல்ல. அங்க ஒருத்தன் நின்னே ஆகணும்.

ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு இடதுகால் பையன் வந்திருக்கான், நல்ல வேகம். தயவுசெஞ்சு அவன பின்னாடி டிஃபன்ஸ்ல போட்டு வீணாக்காதீங்க.