பழைய பேட்டரி காட்டும் 4.2 வோல்ட்

லித்தியம் அயனி பேட்டரியை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்யும்போது நாம் அளப்பது இரு மின்வாய்களின் மின்னழுத்தங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. அவை தனித்தனியே எங்கு நிற்கின்றன என்பது சார்ஜருக்குத் தெரியாது. லித்தியம் உலோகத்தை ஒப்பாகக் கொண்டு அளந்தால், புதிய மின்கலத்தில் எதிர்மின்வாயான கிராஃபைட் 0.1 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழேயும், நிக்கல் கலந்த நேர்மின்வாய் 4.3 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும்.

வயதாக ஆக, கிராஃபைட்டின் மேல் படியும் படலம் சிறிது சிறிதாக லித்தியத்தை விழுங்கிவிடுவதால், முழு சார்ஜிலும் கிராஃபைட் முன்போல் நிரம்புவதில்லை. அதன் மின்னழுத்தம் சற்று உயர்ந்தே நிற்க, அதே 4.2 வோல்ட்டை எட்டுவதற்கு நேர்மின்வாய் மேலும் உயர வேண்டியிருக்கிறது; அந்த உயர்வு அதன் சிதைவையும் விரைவுபடுத்தக்கூடும். மின்னிறக்கத்தின்போதோ கிராஃபைட் முன்னதாகவே காலியாகி, அதன் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறி, ஆட்டத்தை முடித்துவிடுகிறது.

லித்தியம் குறையாமல் கிராஃபைட்டே செயலிழந்தால் நிலைமை வேறு. என் பார்வையில் இதுவே அதிக ஆபத்தானது. வரும் லித்தியத்துக்கு இடம் போதாமல் கிராஃபைட்டின் மின்னழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால், லித்தியம் உலோகமாகவே மேற்பரப்பில் படியும்.

எது நடந்தது என்பதை வோல்ட்மீட்டர் சொல்லாது (அதை மட்டும் நம்பிப் பேட்டரிக்கு நற்சான்று வழங்குவோர் பலர்). மிக மெதுவாக மின்னிறக்கி, மின்னூட்டத்துடன் மின்னழுத்தம் மாறும் வீதத்தை வரைந்தால், கிராஃபைட்டின் கட்ட மாற்றங்கள் (அதனுள் லித்தியம் அடுக்கப்பட்டிருக்கும் விதம் மாறும் இடங்கள்) முகடுகளாகத் தெரியும். அவற்றின் இடைவெளி சுருங்கினால் கிராஃபைட்டையும், இடைவெளி மாறாமல் முகடுகள் நகர்ந்தால் பெரும்பாலும் லித்தியம் இழப்பையும் சந்தேகிக்கலாம்.