இரண்டு கேன் கொள்ளும் பை

என் பழைய முதுகுப்பை ஒரு கிணறு. மேலே வாயைச் சுருக்கிக் கட்டும் கயிறு, அதன்மேல் ஒரு மூடி, உள்ளே ஆழம். எதைத் தேடினாலும் அது அடியில்தான் இருக்கும். கடைசியாக மேலே வைத்த பொருளும் அடியில்தான் இருக்கும். பதினோரு ஆண்டுகளாகச் சுமந்தும் இந்த மர்மம் எனக்கு விளங்கவில்லை.

போன பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் போனபோது விஷயம் முற்றிவிட்டது. நள்ளிரவு. விழுப்புரம் தாண்டியாயிற்று, திருச்சி இன்னும் வரவில்லை. எழும்பூரில் தின்ற பஜ்ஜி வயிற்றில் ஊர்வலம் போக, எனக்கு ஓமத்திராவகம் தேவைப்பட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தூங்கும் நேரம் என்று ரயில்வே விதி. விளக்கைப் போட்டால் எட்டுப் பேரின் சாபம் விழும். இருட்டில் பைக்குள் கைவிட்டுத் துழாவினேன். சீப்பு வந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி கைவிட்டேன். அதே சீப்பு வந்தது.

வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பனியன் ஏணியில் தொங்கியது. வேட்டி எதிர் பெர்த்காரரின் காலில் விழுந்தது. துண்டும் செருப்புப் பொட்டலமும் நடைபாதைக்குப் போயின. எதிர் பெர்த்காரர் செல்போன் வெளிச்சத்தை என்மேல் அடித்து, "தம்பி, திருச்சி வருவதற்குள் கடையை எடுத்துவிடுவீர்களா?" என்று கேட்டார். நடு பெர்த்தில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னாள்: "சென்னைக்குத் திரும்பியதும் சூட்கேஸ் மாதிரி முழுதாகத் திறக்கிற பை ஒன்று வாங்குங்கள்."

அதற்குச் சூட்கேஸே வாங்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாங்கினோம், இரண்டு முறை. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் ஒன்றின் சக்கரம் போனது. அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போகும் சரளைக்கல் பாதையில் மற்றொன்றின் சக்கரம் போனது. சக்கரம் போன சூட்கேஸைப் போலக் கனமான பொருள் உலகத்தில் இல்லை. இப்போது ஒன்றில் கொலு பொம்மைகளும் இன்னொன்றில் பழைய கரண்டு பில்களும் வசிக்கின்றன.

ஆக, முதுகில் மாட்டக்கூடிய, ஆனால் கீழே கிடத்தி மூன்று பக்கம் ஜிப்பை இழுத்தால் புத்தகம் போல விரிகிற பை. குடும்பத்தில் எல்லோரும் ஆலோசகர் ஆனார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "40 லிட்டருக்கு மேல் போகாதீர்கள் அப்பா, விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது" என்றாள். நான் விமானத்தில் போனது இதுவரை இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு இப்போதே தயாராகச் சொல்கிறாள். பையை லிட்டரில் அளப்பார்கள் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் வீட்டுத் தண்ணீர்க் கேன் எத்தனை லிட்டர்?" என்றாள். இருபது என்றேன். "அப்படியானால் இரண்டு கேன் தண்ணீர். அதை ஏன் ஐயா நீ முதுகில் தூக்க வேண்டும்?"

பைக்குள் தண்ணீர் ஊற்றி அளப்பதில்லை, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளைக் கொட்டி அளப்பார்கள் என்று விளக்கினேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

மச்சினன் திருப்பூரில் நூல் வியாபாரம் செய்கிறான். துணி என்று வந்துவிட்டால் அவனை நிறுத்த முடியாது. "அத்தான், டெனியர் பாருங்கள். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். எங்கள் பருத்தி நூலில் நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசாகும். டெனியரில் நம்பர் கூடக்கூடத் தடிக்கும். ஏமாந்துவிடாதீர்கள்." தலையாட்டினேன். அடுத்து ஜிப். ஜிப்பின் தலையில் ஒய்.கே.கே. என்ற எழுத்து இருக்கிறதா பார்க்க வேண்டுமாம். 1934-இல் யோஷிடா என்ற ஜப்பான்காரர் டோக்கியோவில் தொடங்கிய ஜிப் கம்பெனியாம். "சாதாரணப் பையில் ஜிப் போனால் ஊக்குப் போட்டு ஒப்பேற்றலாம். இந்த மாதிரிப் பையில் ஜிப் போனால் அது பை இல்லை அத்தான், பாய்."

அவன் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான்.

தியாகராய நகரில் ஒரு கடைக்குப் போனேன். காலியாக மாட்டிப் பார்த்தால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும், எடை வைத்து மாட்டினால்தான் குணம் தெரியும் என்பதால் வீட்டிலிருந்து ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையும் நான்கு சட்டைகளும் கொண்டுபோயிருந்தேன். கடைப் பையன் முகம் முதலில் மலர்ந்து, அரிசியைப் பார்த்ததும் குழம்பியது. ஆனாலும் நல்ல பையன். தையற்காரரைப் போல டேப்பை எடுத்து, கழுத்தின் பின்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பு வரை அளந்தான். ஆள் உயரத்தை வைத்துப் பை வாங்கக் கூடாது, முதுகின் நீளத்தை வைத்துத்தான் வாங்க வேண்டும் என்றான். இத்தனை வயதில் என் முதுகுக்கு நீளம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது இடுப்பு பெல்ட். சுமையில் பெரும்பங்கு தோளில் தொங்காமல் இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். பெல்ட் அந்த எலும்பின் மேல்விளிம்பைக் கவ்விக்கொள்ள வேண்டும். "சார், எலும்பு எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டுங்கள்" என்றான். என் இடுப்பெலும்பை 1998-க்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து தேடி, ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்து பெல்ட்டை மாட்டினோம். தொப்பைக்குக் கீழே பக்கிள் போட்டதும் அரிசி காணாமல் போனது போல இருந்தது. அந்த நிமிடமே பணம் கட்டிவிட்டேன். வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன், சூட்கேஸ் மாதிரி. "அரிசிக்கு பில்?" என்றார்.

புதுப் பையோடு முதல் பயணம் தனியாக. டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நின்றது. ஜன்னலோர கீழ் பெர்த்தை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பங்கிடும் ஏற்பாடு. எதிரே எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். செங்கல்பட்டு போனதும் பெருமையோடு பையைக் கிடத்தி ஜிப்பை இழுத்தேன். பை விரிந்தது. பாதி என் மடியில், மீதிப் பாதி பெரியவர் மடியில்.

முழுதாகத் திறக்கும் பைக்குத் திறக்க இரண்டு மடங்கு இடம் வேண்டும் என்பதை இத்தனை ஆலோசகர்களில் ஒருவரும் சொல்லவில்லை. பெரியவர் கோபிக்கவில்லை. மடியில் வந்ததை நிதானமாகப் பார்வையிட்டார். வலைத்துணிக்குப் பின்னால் என் உள்ளாடைகள் கண்காட்சி போல அடுக்கியிருந்தன. "நல்ல ஒழுங்கு தம்பி" என்றார். பிறகு அந்தப் பாதியின்மேல் தம் டிபன் டப்பாவை வைத்துத் திறந்து இட்லி சாப்பிடத் தொடங்கினார். மேசை வசதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னால் பையை மூட முடியவில்லை. நடுவில் ஒரு மூலையைக் காட்டி, "அது என்ன, பைக்குள் பையா?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். என் பழைய கிணறு நாலாக மடிந்து அங்கே படுத்திருந்தது. மனைவியின் வேலை. காரணம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். "இருக்கட்டும்" என்றாள்.

அந்த 'இருக்கட்டும்' திரும்பும் நாளில்தான் புரிந்தது. போகும்போது நாம் மடித்த துணி கொண்டுபோகிறோம். வரும்போது ஊரிலிருந்து மடிகிற பொருள் எதுவும் வருவதில்லை. அம்மா திண்ணையில் வரிசையாக வைத்தாள்: நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, செக்கு நல்லெண்ணெய் பாட்டில், நெய், மிளகாய்ப் பொடி, கருப்பட்டி, மணத்தக்காளி வற்றல், கூழ்வடகம். போதாததற்குத் திருநெல்வேலி அல்வா ஒரு கிலோ. நான் பையை விரித்தேன். அம்மா ஊறுகாய் ஜாடியை அதில் வைத்தாள். நின்றது. பையை மூட வேண்டுமானால் ஜாடி படுக்க வேண்டும்.

"ஊறுகாய் ஜாடியைப் படுக்க வைப்பார்களா ஐயா? இந்தப் பை செய்தவன் வீட்டில் அம்மா கிடையாதா?"

பதில் சொல்ல முடியவில்லை. பழைய பையை உதறி எடுத்தேன். கயிற்றைத் தளர்த்தியதும் அது வாயை வட்டமாகத் திறந்துகொண்டு நின்றது. ஜாடி அடியில், சுற்றிலும் வற்றல் பொட்டலங்கள் முட்டுக்கொடுக்க, எண்ணெய் பாட்டில் ஓரமாக, எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தன. அல்வாவும் வடகமும் புதுப் பையில் துணிக்கு நடுவே சொகுசாகப் படுத்தன.

புதுப் பை முதுகில், பழைய பை மார்பில். எழும்பூரில் இறங்கி வெளியே வந்தபோது என் கால்கள் எனக்கே தெரியவில்லை. ஆட்டோக்காரர் என்னை ஒருமுறை சுற்றி வந்தார்.

"சார், முகம் எந்தப் பக்கம்?"

"ஊறுகாய் இருக்கிற பக்கம்" என்றேன்.